அடுப்படி போடும் கடிவாளம்

பங்குச் சந்தை காலை 9.15 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30 மணிக்கு மூடுகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பள்ளி வேன் தெருமுனைக்கு வருவது எட்டு மணி வாக்கில். பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது நாலு, நாலரைக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தினசரி வர்த்தகம் வீட்டில் இருப்பவர்களுக்கென்றே நேரம் குறித்த வேலையாகத்தான் தெரியும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்காரலாம், அவர்கள் வருவதற்குள் எழுந்துவிடலாம், நடுவில் குழம்பும் வைத்துவிடலாம். முதலாளி கிடையாது, பஸ் பிடிக்க வேண்டாம், கடைக்கு வாடகை இல்லை. ஒரு கைபேசி, ஒரு டீமேட் கணக்கு, கொஞ்சம் பணம் போதும். 'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்' என்று அழைக்கும் பயிற்சி வகுப்புகள் விற்பதும் பெரும்பாலும் இந்தக் கால அட்டவணையைத்தான்.

இந்த இரண்டு மாவட்டங்களில் அந்த அழைப்பு எடுபடக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர். அரியலூரில் 11 பேர்தான். ஒரு பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. கல்லூரிகளுக்குக் குறைவில்லை. படித்து வெளியே வந்தவர்களுக்கு, அதிலும் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு, உள்ளூரில் தோதான வேலைக்குத்தான் பஞ்சம். பெரம்பலூருக்கு ரயில் இல்லை. திருச்சியில் வேலை கிடைத்தால் போக வர தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸிலேயே கழியும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சேமிப்போடு திரும்பியவர் இனி குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று நினைப்பதும் நியாயம்தான். ஆகவே வீட்டையும் வருமானத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளும் ஆசையைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு விலையை வைத்துப் போடும் கெடு ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். செலவும் சேர்த்து ஒருவரின் சராசரி நட்டம் ஏறக்குறைய ₹2 லட்சம். எல்லாருக்குமாகச் சேர்த்து ₹1.8 லட்சம் கோடிக்கு மேல். அடுத்த ஆண்டான 2024-25லும் 91 சதவீதம் பேர் நட்டத்தில்தான் முடித்தார்கள். ஒரு பங்கை அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வர்த்தகம் இதைவிடச் சற்றுத் தேவலை: 2022-23ல் பத்துக்கு ஏழு பேர் நட்டம். இந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகர்களில் 72 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் நாட்டின் முதல் 30 பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். நான்கில் மூன்று பங்கினர் ஆண்டு வருமானம் ₹5 லட்சத்துக்குக் கீழ் என்று காட்டியவர்கள். மும்பையின் கண்ணாடிக் கட்டடங்களை மனத்தில் வைத்து இந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கக்கூடாது. பெரம்பலூர், அரியலூர் மாதிரியான ஊர்களின் கூடங்களையும் படுக்கையறைகளையும் மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் வழக்கமாக எழுப்பப்படும் கேள்வி, வீட்டு வேலை வர்த்தகத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது. தனி அறை வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், 3.30 வரை யாரும் கூப்பிடக்கூடாது, சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று அதற்குப் பதில்கள் வருகின்றன. கேள்வியே தலைகீழாக இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இந்தத் தொழிலில் வீட்டிலிருந்து ஆடுகிறவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே கடிவாளம் வீடு போடும் கட்டுப்பாடுகள்தான். அடுப்பில் வேலை இருக்கிறது, ஆகவே இப்போது டிரேடு போட முடியாது என்ற நிலை நட்டம் அல்ல, பல நாள் அதுவே லாபம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கி நிற்கிற அளவுக்கு மட்டுமே வர்த்தகத்துக்கு வீட்டில் இடம் கொடுக்கலாம்.

இரண்டு ரூபாய் ஏற்றத்தின் கணக்கு

அதற்கு முதல் சான்று செலவுக் கணக்கில் இருக்கிறது. ₹500 விலையுள்ள ஒரு பங்கை 100 எண்ணம் வாங்கி, அன்றே ₹502க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் ₹200 லாபம் பச்சையாகத் தெரியும். தள்ளுபடித் தரகு நிறுவனங்கள் பலவும் இன்ட்ராடேவுக்கு ஓர் ஆர்டருக்கு ₹20 அல்லது 0.03 சதவீதம், எது குறைவோ அதை வாங்குகின்றன. வாங்க ஒன்று, விற்க ஒன்று என்று இங்கே அது ஏறக்குறைய ₹30. விற்ற தொகையில் 0.025 சதவீதம் பரிவர்த்தனை வரி, சுமார் ₹13. பங்குச் சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, தரகின்மீது 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு ₹11. ஆக ₹54 போய்க் கையில் நிற்பது ₹146. இதுவே இரண்டு ரூபாய் இறங்கியிருந்தால் நட்டம் ₹200 அல்ல, ₹254. ஏற்றமும் இறக்கமும் சரிசமமாக வரும் ஒரு விளையாட்டில், இரண்டு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என்று குறிவைத்து ஆடுகிறவர் கைநட்டம் இல்லாமல் தப்பவே நூற்றுக்கு 64 தடவை சரியாகக் கணித்தாக வேண்டும். 55 தடவை சரியாகக் கணிப்பவர் திறமைசாலிதான்; ஆனாலும் அவருக்கு மாதக் கடைசியில் மிஞ்சுவது நட்டம்.

ஒவ்வொரு டிரேடும் இப்படி ஒரு சுங்கம் கட்டித்தான் உள்ளே போய் வெளியே வருகிறது. ஆகவே டிரேடுகளின் எண்ணிக்கை கூடக்கூட நட்டம் கூடுவதில் ஆச்சரியமில்லை. செபி 2024 ஜூலையில் வெளியிட்ட இன்ட்ராடே ஆய்வில் இது அப்படியே தெரிகிறது. பொதுவாக 71 சதவீதம் பேர் நட்டப்பட்ட அதே 2022-23ல், ஆண்டுக்கு 500க்கு மேல் டிரேடு போட்டவர்களில் 80 சதவீதம் பேர் நட்டம். நட்டப்பட்டவர்கள் தங்கள் வர்த்தக நட்டத்துக்கு மேல் அதில் இன்னொரு 57 சதவீதத்தைச் செலவாகவும் கட்டியிருக்கிறார்கள். காலை 9.15க்கு உட்கார்ந்து 3.30க்கு எழுந்திருக்கும் ஒருவருக்கு 500 என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை; வேலை நாளுக்கு இரண்டு போட்டாலே வருடத்தில் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்பது மனித சுபாவம். நேரம் இருந்தால் டிரேடு வரும். டிரேடு வந்தால் சுங்கம் வரும். அந்த நேரத்தை வீடு எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது இந்த இடத்தில் விளங்கும்.

இரண்டாவது சான்று, ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கிடைக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 35,000க்கு மேற்பட்ட குடும்பங்களின் பங்கு வர்த்தகக் கணக்குகளை ஆராய்ந்து 2001ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். அந்தச் சுறுசுறுப்பு அவர்களுடைய ஆண்டு வருவாயில் 2.65 சதவீதப் புள்ளிகளைத் தின்றுவிட்டது. பெண்களுக்கு அது 1.72 புள்ளிதான். பங்கைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அடிக்கடி கைவைக்காததுதான் வித்தியாசம். இந்தியாவிலும் 2023-24ல் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் நட்டப்பட்ட ஆண்கள் 91.9 சதவீதம், பெண்கள் 86.3 சதவீதம். இதை வைத்துப் பெண்கள் ஜெயிக்கிறார்கள் என்று கொட்டடிக்க ஒன்றுமில்லை; நூற்றில் 86 பேர் தோற்பதும் தோல்விதான். அளவாகக் கைவைக்கிறவர்கள் குறைவாக இழக்கிறார்கள் என்பது மட்டுமே இதில் நமக்கான பாடம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செபியின் இன்ட்ராடே ஆய்வில் திருமணமாகாதவர்களில் 75 சதவீதம் பேரும் திருமணமானவர்களில் 67 சதவீதம் பேரும் நட்டப்பட்டார்கள். குடும்பம் கடிவாளம் போடுகிறது என்பதற்கு இதையே ஆதாரமாக நீட்டலாம் போலிருக்கும். ஆனால் அதே ஆய்வில் திருமணமானவர்கள் அதிக எண்ணிக்கையில் டிரேடு போட்டவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் வயதில் மூத்தவர்கள், கையில் முதல் கூடுதலாக உள்ளவர்கள் என்பது காரணமாக இருக்கலாம். ஆகவே தாலி கட்டினால் லாபம் வரும் என்று வாதாட முடியாது. வாதம் நிற்பது கல்யாணத்தின்மீது அல்ல, செலவுக் கணக்கின்மீது. குடும்பம் இருப்பது தானாக யாரையும் காப்பாற்றாது. குடும்பத்தின் நேரத்தையும் பணத்தையும் எல்லையாக வைத்துக்கொண்டால்தான் அது கடிவாளம்.

தாளிப்புக்கு நடுவில் ஒரு பொசிஷன்

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அரை கவனத்தில் செய்தால் நட்டம் இன்னும் கூடாதா? கூடும். சமையலில் சில வேலை கைக்கு, சில வேலை கவனத்துக்கு. அரை கிலோ சின்ன வெங்காயம் உரிப்பது கை வேலை. அப்போது டிவி பார்க்கலாம், பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லலாம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து வெந்தயம் போட்ட பிறகு அரை நிமிஷம்கூட அங்கே இங்கே திரும்ப முடியாது. வெந்தயம் கருகினால் காரக்குழம்பு மொத்தமும் கசக்கும். வர்த்தகத்திலும் இதே பிரிவினை உண்டு. எந்தப் பங்கைப் பார்ப்பது, எந்த விலைக்கு வாங்குவது, எங்கே நட்டத்தோடு வெளியேறுவது என்று தீர்மானிப்பதும், முடிந்த டிரேடுகளைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதும் நடுவில் எழுந்து போய் வந்து தொடரக்கூடிய வேலைகள். கடன் வாங்கிய மார்ஜினில் திறந்து கிடக்கும் பொசிஷன், அதாவது இன்னும் முடிக்காத டிரேடு, அப்படிப்பட்டதல்ல. தாளிப்பும் திறந்த பொசிஷனும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஆகாது. இரண்டில் ஒன்று கருகும்.

2024 ஜூன் 4ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்த நாள். முந்தின நாள் உச்சத்தில் முடிந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்தது ஜூன் 10ஆம் தேதி. ஆகவே அன்று பிள்ளைகள் எல்லாம் வீட்டில். காலை வேளையில் குழந்தை பாலைக் கொட்டிவிட்டதற்காக எழுந்து போய், துடைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஓர் ஆப்ஷனின் விலை அடையாளம் தெரியாமல் மாறக்கூடிய நாள் அது. குறித்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டு வைத்திருந்தாலும், விலை தாவித் தாவி இறங்கும்போது நினைத்த விலைக்கு வெளியேற முடியும் என்று உத்தரவாதமில்லை. இப்படிப்பட்ட நாளில் பாலைத் துடைக்க எழுந்தது தப்பு என்று யாராவது சொன்னால், அவர் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. வீட்டை மறந்துவிட்டுப் பேசுகிறார். எழுந்து போக முடியாத பொசிஷனை வீட்டில் இருந்துகொண்டு எடுத்ததுதான் தப்பு.

அப்படியானால் வீட்டைத் தள்ளிவைத்து முழு நேரமும் முழு கவனமும் கொடுத்தால் பலன் கிடைக்குமே என்று கேட்கலாம். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை தினசரி வர்த்தகத்தைத் தொடங்கியவர்களில், 300 நாளுக்கு மேல் விடாமல் தொடர்ந்த 1,551 பேரின் கணக்குகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 97 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம் பேர்தான். பழகப் பழகத் தேறுவார்கள் என்பதற்கும் தடயம் கிடைக்கவில்லை. தைவானில் 1992 முதல் 2006 வரையான கணக்குகளை ஆராய்ந்தபோதும், ஆண்டுக்காண்டு நிலையாக லாபம் பார்க்கக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றுதான் தெரிந்தது. இவர்கள் எல்லாரும் தாளிப்புக்கு எழுந்து போனதால் தோற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களும் தோற்றார்கள். 'வீட்டில் நிம்மதியாக விட்டால் நான் சம்பாதித்துவிடுவேன்' என்ற புகாருக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

வகுப்பு எடுப்பவர்கள் ஜெயிக்கிறார்களே என்ற ஐயமும் வரும். 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பயிற்சி விற்றவரைப் பற்றி செபி 2023 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டது. லாபம் காட்டி ஆட்களைச் சேர்த்த அதே காலத்தில், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை, அவருடைய சொந்த வர்த்தகத்தில் ₹2.89 கோடி நட்டம் இருந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. வகுப்புக் கட்டணமாக வாங்கிய ₹17 கோடிக்கு மேற்பட்ட தொகையைத் தனிக் கணக்கில் கட்டும்படி உத்தரவாயிற்று. வகுப்பு நடத்துபவர் எல்லாரும் இப்படி என்று பொருளல்ல. வகுப்பு வருமானத்தையும் சந்தை வருமானத்தையும் பிரித்துப் பார்க்காமல் யாரையும் முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்பதுதான் செய்தி.

யாருடைய நேரம்?

வீட்டில் இருப்பது வேறு, வீட்டுக்கு இருப்பது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு சார்ட் பார்க்கும் கணவர் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்; ஆனால் பத்து மணிக்கு டீயும் ஒரு மணிக்குச் சாப்பாடும் அவர் மேஜைக்குப் போகின்றன. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிஷம். அந்த வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். கைகொடுக்கும் ஆண்களே நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகம்தான். ஆகவே 'டிரேடிங்கும் குடும்பமும் சமாளிக்கிறேன்' என்று ஓர் ஆண் சொன்னால், அதில் சமாளிப்பது யார் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு பெண் சொன்னால், அந்த 289 நிமிஷத்துக்கு மேல் சந்தையின் 375 நிமிஷமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி நெய்வேலியில் குடும்பத்தைக் கட்டிக் காத்த ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்க உதவியதுதான், ஆகவே அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இது பொருந்தும் என்றால் கூடத்தில் நடக்கும் வர்த்தகத்துக்கும் பொருந்தும். சமைத்துப் போடுகிறவரின் மணிநேரங்கள் அந்தத் தொழிலில் போட்ட முதல். லாபக் கணக்கில் அது ஏறவில்லை என்றால் அந்தக் கணக்கு முழுமையில்லை. லாபம் வரும்போது பங்கு கேட்க உரிமை உண்டு என்றால், நட்டத்தின்போது நிறுத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

சமையலை இழப்பாகப் பார்ப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் மதியச் சாப்பாட்டை மெஸ்ஸில் வாங்கினால் ஒன்று ₹80 என்று வைத்தாலும் ₹320. அதையே வீட்டில் ஆக்கினால் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்துப் பாதியில் முடியும் என்று கொண்டால், மிச்சம் ₹160. மேலே பார்த்த 'வெற்றிகரமான' டிரேடு கொடுத்தது ₹146. டிரேடு நூற்றுக்கு 64 தடவை ஜெயித்தால்தான் நட்டமில்லை; சோறும் குழம்பும் அநேகமாக எல்லா நாளும் ஜெயிக்கின்றன. சந்தைக்காகச் சமையலை விட்டு வெளியே வாங்கிச் சாப்பிடும் வீடு, நிச்சயமான வரவைக் கொடுத்து நிச்சயமில்லாத வரவை வாங்குகிறது.

சமையல் நேரத்துக்குச் சந்தை அடங்கட்டும்

இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் வர்த்தகம் செய்யத்தான் போகிறேன் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் வீட்டின் நேரங்களை எழுதிவிட வேண்டும்: காலை டிபனும் டப்பாவும், மதியச் சமையல், பிள்ளைகள் திரும்பும் நேரம், பெரியவர்களின் மாத்திரை நேரம். அவற்றுக்கு நடுவில் மிஞ்சும் ஓர் இடைவெளிதான் சந்தைக்கு. உதாரணமாக, பாத்திரம் கழுவி முடித்த பத்து மணியிலிருந்து உலை வைக்கும் 11.15 வரை. உலை வைக்குமுன் எல்லாப் பொசிஷனும் முடிந்திருக்க வேண்டும். விடுபட்டதைத் தரகு நிறுவனம் பிற்பகல் 3.20 வாக்கில் தானாக முடித்துவிடுவதும், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் போடுவதும் வழக்கம். அதை நம்பி அடுப்படிக்குப் போகக்கூடாது. அன்றைக்கு எதைப் பார்ப்பது என்ற தீர்மானம் முந்தின இரவே, சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முடியலாம். கெடு முடியும் எக்ஸ்பைரி நாளில் ஆப்ஷன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு டிரேடு, அதற்கு மேல் இல்லை என்று வைத்தால், 500 என்ற எண்ணிக்கை அருகிலேயே வராது. வாங்கிய பங்கைச் சில மாதம் வைத்திருக்கும் முறைக்கு மாறினால் திரையே தேவையில்லை.

இப்படிச் செய்தால் நல்ல வாய்ப்புகள் பல கைநழுவும் என்பார்கள். நழுவும்தான். அவற்றோடு கெட்ட வாய்ப்புகளும் நழுவும். பத்துக்கு ஏழு பேர் தோற்கும் ஆட்டத்தில் எவை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: கடிவாளம் நட்டத்தைக் குறைக்கும், அதுவே லாபத்தைக் கொண்டுவராது. ஆகவே வர்த்தகத்தில் வரும் பணத்தை நம்பி வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எதையும் வைக்கக்கூடாது. வேறொரு வருமானம் வீட்டைத் தாங்கும்போதுதான் இதற்கு இடம்.

பணத்துக்கும் இதே கடிவாளம் வேண்டும். நகைக் கடன், மகளிர் குழுக் கடன், சீட்டுப் பணம், வெளிநாட்டிலிருந்து வந்த சேமிப்பு இவை நான்கும் சந்தைக்குப் போகக்கூடாத பணம். இரண்டு வருடம் தொடர்ந்து நட்டப்பட்ட பிறகும் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் வர்த்தகத்தை விடவில்லை என்கிறது செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு. விட முடியாமல் போவதற்கு ஒரு காரணம், நட்டம் அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பதாக இருக்கலாம். மாதம் ஒருமுறை தரகு நிறுவனத்தின் லாப நட்ட அறிக்கையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் போதும். செலவும் வரியும் கழித்த கடைசி வரி எதையும் மறைக்காது. வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்ட்ராடே நட்டத்தைச் சம்பளத்திலோ கடை வருமானத்திலோ கழிக்க முடியாது. இன்ட்ராடே மாதிரியான ஊக வணிக லாபத்தில் மட்டுமே, அதுவும் நாலு வருடத்துக்குள், கழிக்கலாம். நட்டத்தை அரசாங்கமும் பகிர்ந்துகொள்ளாது.

கடைசியாக, இந்த மண்ணிலிருந்தே வரும் மறுப்பு: விவசாயமும் சூதாட்டம்தானே, அதை மட்டும் யாரும் தடுப்பதில்லையே? ஆலத்தூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் போட்டவர் அறுவடையைப் பட்டறை போட்டு வைத்து விலைக்காகக் காத்திருப்பது ஒரு வகையில் ஊகம்தான். விலை சரிந்தால் அவரும் அடிபடுகிறார். ஆனால் அந்தப் பட்டறையில் வெங்காயம் இருக்கிறது. விலை போனாலும் சாப்பிடலாம், விதைக்கு வைக்கலாம், உறவுக்காரருக்குக் கொடுக்கலாம். அதை விளைவித்ததில் ஊருக்கும் ஒரு பொருள் கூடியது. ஒரு வார ஆப்ஷனில் ஒருவர் லாபம் மற்றவர் நட்டம், நடுவில் செலவு வேறு. கெடு முடிந்த மறுநாள் அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. இன்னொன்று, காத்திருக்கும் காலம் முழுக்க வெங்காயக்காரர் பட்டறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை. மாட்டைப் பார்க்கிறார், அடுத்த வயலுக்குப் போகிறார், சாப்பிட வீட்டுக்கு வருகிறார். விட்டுவிட்டுப் போக முடிகிற அளவுக்கு மட்டுமே ரிஸ்க் எடுக்கும் பழக்கம் இந்த வட்டார விவசாயிக்கு உண்டு. தினசரி வர்த்தகர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவரும் இறங்க நினைப்பவரும் தமக்குத் தாமே வைத்துப் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் முழுக்கத் திரையைத் திறக்காமல் இருக்க முடியுமா? பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வந்து நாலு நாள் தங்கினால் சந்தையை மறந்து விருந்து சமைக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வர்த்தகம் வீட்டுக்குள் அடங்கியிருக்கிறது; பெரிதாகச் சம்பாதிக்காவிட்டாலும் குடியைக் கெடுக்காது. முடியாது, அந்த நாலு நாளில் ஏதோ போய்விடும் என்று மனம் பதறினால், போக வேண்டிய பணம் ஏற்கெனவே போக ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் குறைக்க வேண்டியது சமையலை அல்ல, குடும்பத்தை அல்ல, பொசிஷனை.